முன்பாரமும் பின்பாரமும்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர் செய்யும் சோதனைகளுள் மிக எளியது, மீட்டர் கோலைக் கத்திமுனையில் நிறுத்துவது. இருபுறமும் எடைகளைத் தொங்கவிடுகிறோம். எடையையும் தூரத்தையும் பெருக்குகிறோம். இரு பக்கமும் சமமாக வருவதைக் கண்டு, குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமும் வாங்கிவிடுகிறோம். அத்துடன் அது மறந்தும் போகிறது. ஆர்க்கிமிடீசு 2200 ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்து சொன்ன அந்த நெம்புகோல் விதி, தேர்வு எழுதி முடித்தவுடன் நமக்குத் தேவையற்றதாகத் தோன்றுகிறது.

அந்த மீட்டர் கோல் 50 கிராம் எடைக்குப் பதிலாக இரண்டு டன் எடையைச் சுமந்துகொண்டு, கத்திமுனைக்குப் பதிலாக இரு சக்கரங்களின் மேல் சாலையில் ஓடினால் என்ன ஆகும்? இதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன். டிராக்டர் ஒன்றை இருசக்கர டிரெய்லரில் ஏற்றி, மற்றொரு வண்டியால் இழுத்துச் செல்லும் காட்சியை நெல் விளையும் பகுதிகளில் பலரும் கண்டிருக்கலாம். தானே ஓடும் டிராக்டரை ஏன் ஏற்ற வேண்டும் என்று நகரத்து நண்பர்கள் கேட்கக்கூடும். எஞ்சினோ கியர் பெட்டியோ பழுதானால் அது தானே ஓடாது. சேற்றுழவுக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டரைத் தார்ச் சாலையில் ஓட்டினால் சாலையும் கெடும், வண்டியும் கெடும். தொலைதூரத்திற்கு லாரி வைக்கிறார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு யார் லாரி வைப்பார்கள்? ஊரில் இருக்கிற டிரெய்லர்தான்.

டிராக்டருக்கு முன் மாட்டு வண்டியைப் பார்ப்போம். எங்கள் ஊர்ப்பக்கம் வயது முதிர்ந்தோர் வாயில் இன்றும் இரு சொற்கள் உண்டு: முன்பாரம், பின்பாரம். இரட்டை மாட்டுப் பாரவண்டிக்கு அச்சு ஒன்றே, சக்கரம் இரண்டே. அச்சுக்கு முன்னால் பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். அச்சுக்குப் பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். நெல் மூட்டைகளை அடுக்கி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ சரிசெய்வார்களாம். முழுச் சமமும் ஆகாது, சற்றே முன்பாரம் வேண்டும் என்பது என் தாத்தாவின் கட்சி. காரணம் கேட்டேன். "மேட்டுல ஏறறப்போ பாரம் பின்னாடி சாயும்டா. சமமா இருந்தா அங்க பின்பாரமாயிடும்" என்றார். சமதரையில் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் ஈர்ப்பு மையம், வண்டி மேல்நோக்கிச் சாயும்போது அச்சைத் தாண்டிப் பின்னுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் பாலத்து மேட்டில் வண்டிக்காரர் ஏர்க்கால் பக்கம் முன்னேறி உட்கார்வாராம். எண்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் அது நம் பாடநூல் விதியேதான்.

அந்த முறையில் மாடு பட்ட பாடு சிறிதன்று. பெங்களூரில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி 1970களில் மாட்டு வண்டியை ஆராய்ந்து, கழுத்தை வருத்தாத நுகமும் மேம்பட்ட சக்கரமும் வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். அவர் இரக்கத்தால் சொன்னது ஒருபுறம் இருக்க, மற்றொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். மாட்டின் கழுத்து ஒரு தராசு. பாரம் இடம் மாறினால் மாடு தலையை ஆட்டும், நிற்கும், நடக்க மறுக்கும். வண்டி புறப்படுமுன்பே வண்டிக்காரருக்குச் செய்தி கிடைத்துவிடும்.

1959இல் பரீதாபாத்தில் ஐச்சர் நிறுவனம் முதல் இந்திய டிராக்டரை வெளியிட்டது. மறு ஆண்டு சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன்பின் வந்த சில பத்தாண்டுகளில் நம் ஊர்களில் நுகத்தடி இருந்த இடத்தில் கொக்கியும் பின்னும் வந்தன. கொக்கிக்குக் கழுத்து வலிக்காது. முன்பாரமா பின்பாரமா என்று அது யாருக்கும் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கும்போது வண்டி சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியைச் சொல்லுவது அனைவரும் அறிந்ததே. அது பாரத்தின் அளவைப் பற்றியது. நான் சொல்ல வருவது பாரத்தின் இடத்தைப் பற்றியது. அளவு மீறாத பாரமும் இடம் தவறினால் வண்டியைக் கவிழ்க்கும்.

சென்ற பொங்கல் விடுமுறையில் நானும் விடுதி நண்பர் இருவரும் எங்கள் ஊரில் இதை அளந்தே பார்த்தோம். என் மாமா டிராக்டரும் டிரெய்லரும் வைத்து வாடகைக்கு விடுபவர். அரிசி ஆலை எடை மேடையில் டிராக்டரை மூன்று முறை எடை போட்டோம்: முழு வண்டியாக ஒரு முறை, முன் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் நிற்க ஒரு முறை, பின் சக்கரங்கள் மட்டும் நிற்க ஒரு முறை. கணக்கு எளிதாகும்பொருட்டு முழு எண்களாக்கித் தருகிறேன். மொத்தம் 2000 கிலோ. முன்னால் 800, பின்னால் 1200. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத் தூரம் 1.9 மீட்டர். ஆக ஈர்ப்பு மையம் பின் அச்சிலிருந்து 1.9 × 800 ÷ 2000, அதாவது 0.76 மீட்டர் முன்னால் உள்ளது.

பார்வைக்கு டிராக்டரின் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 0.95 மீட்டரில் இருக்கிறது. எடையின் நடுவோ 0.76 மீட்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 19 சென்டிமீட்டர் வேறுபாடு. இது என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். மேலே படியுங்கள்.

மாமாவின் டிரெய்லர் வெறுமையாக 800 கிலோ. கொக்கியிலிருந்து அதன் அச்சு வரை 3.5 மீட்டர். வெறும் டிரெய்லரின் மூக்கு கொக்கியில் 60 கிலோ அழுத்துகிறது. இழுவண்டிகளுக்குப் பொதுவாக உலகெங்கும் கூறப்படும் விதி, மூக்கின் அழுத்தம் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இருக்க வேண்டும் என்பது. தாத்தாவின் 'சற்றே முன்பாரம்' என்பதன் எண் வடிவம் இதுவே. நமது மொத்த எடை 2800 கிலோ. ஆகவே மூக்கில் 280 முதல் 420 கிலோ வரை வேண்டும். டிரெய்லரின் சொந்தப் பங்கான 60ஐக் கழித்தால், டிராக்டர் தர வேண்டியது 220 முதல் 360 கிலோ. 3.5ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால், டிராக்டரின் ஈர்ப்பு மையம் டிரெய்லர் அச்சுக்கு முன்னால் ஏறத்தாழ 38 சென்டிமீட்டருக்கும் 63 சென்டிமீட்டருக்கும் இடையே நிற்க வேண்டும்.

இரண்டுக்கும் இடைவெளி 25 சென்டிமீட்டர். ஒரு சாண்!

இரண்டு டன் எடையுள்ள வண்டி நிற்கத்தக்க இடம் ஒரு சாண் அகலமே. இந்த விடை வந்தபோது நாங்கள் மூவரும் தனித்தனியே மறுபடியும் கணக்கிட்டோம், விடை மாறவில்லை. இனி அந்த 19 சென்டிமீட்டருக்கு வருவோம். கண்பார்வைக்கு அழகாக, டிராக்டரின் நடுப்பகுதி டிரெய்லர் அச்சுக்கு நேராக வருமாறு நிறுத்துகிறோம் என்று கொள்க. அப்போது ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னால் 19 சென்டிமீட்டரில் கிடக்கும். 2000 × 0.19 ÷ 3.5 = ஏறத்தாழ 109 கிலோ. இந்த விசை மூக்கை மேலே தூக்குகிறது. டிரெய்லரின் சொந்த 60 கிலோ கீழே அழுத்துகிறது. மீதி 49 கிலோ விசை கொக்கியை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குச் சரியாக நடுவில் நிற்கும் வண்டி, உண்மையில் பின்பார வண்டி!

அப்படி ஏற்றினால் என்ன ஆகும்? சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பழுது பார்க்கக் கொண்டுபோன டிராக்டர். ஜீப்பில் பூட்டிய டிரெய்லர். வாய்க்கால் கரைச் சாலை. எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கி, மீண்டும் சாலைக்கு ஏறியபோது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. இடமும் வலமுமாக மூன்று நான்கு வீச்சு. ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிது. ஓட்டியவர் அஞ்சிப் பிரேக்கை மிதித்தார். டிரெய்லர் ஜீப்பைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு வாய்க்காலில் விழுந்தது. டிராக்டர் தலைகீழாகக் கிடந்தது. டிராக்டரின் இருக்கையில் உட்கார்ந்து வந்த உதவியாள், 17 வயதுப் பையன், விழுமுன் குதித்துவிட்டான். தொடை எலும்பு முறிந்தது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது கரையில் கூடியிருந்தவர்கள் பேருந்து ஓட்டுநரைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வாலாட்டம் ஏன் வருகிறது? அம்பை நினைத்துப் பாருங்கள். முனை கனமாக இருப்பதால் நேராகப் பறக்கிறது. வால் கனமான அம்பைச் செய்து எய்தால் அது காற்றில் திரும்பிக்கொள்ளும். டிரெய்லர் கொக்கியை மையமாகக் கொண்டு ஆடக்கூடியது. ஒரு பள்ளமோ காற்றோ அதைச் சற்று ஒதுக்கினால், டயர்கள் சாலையைப் பற்றி அதைப் பழைய நிலைக்கு இழுக்கின்றன. பாரம் அச்சுக்கு முன்னால் இருந்தால் ஆட்டம் ஓரிரு வீச்சில் அடங்கும். பாரம் பின்னால் இருந்தால், கிளம்பிய ஆட்டத்தை அந்தப் பாரமே மேலும் தள்ளும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை குறைந்துகொண்டே வரும். குறிப்பிட்ட ஒரு வேகத்திற்கு மேல் ஆட்டம் தானாகவே வளரும். அந்த வேகம் பின்பார வண்டிக்கு மிகக் குறைவு. மேலும், கொக்கி மேலே தூக்கப்படும்போது இழுக்கும் வண்டியின் பின் சக்கரங்கள் இலேசாகி, சாலையைப் பற்றும் வலிமையையும் இழக்கின்றன. பிடிப்பு மிகவும் வேண்டிய நேரத்தில் பிடிப்பு இருப்பதில்லை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்யத்தக்கது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது ஒன்றுதான். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்திற்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயன்றால், நம் திருப்பம் எப்போதும் ஒரு வீச்சு தாமதமாகப் போய் ஆட்டத்தை வளர்க்கும். முன் வண்டியின் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் பாரம் அதைத் தள்ளி மடக்கும். டிரெய்லருக்கு மட்டும் தனியே பிரேக் இருந்தால் அதைப் போடலாம். நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் அது இல்லை. இருப்பதிலும் எத்தனை வேலை செய்கின்றன?

அப்படியானால் நிறைய முன்பாரம் வைத்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். அதற்கும் விலை உண்டு. கொக்கி இழுக்கும் வண்டியின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே அழுத்தும் எடை முன் சக்கரங்களைத் தூக்கும். முன் சக்கரம் இலேசானால் ஸ்டீரிங் கேட்காது. இழுப்பதும் டிராக்டராகவே இருந்து, சாலை மேடாகவும் இருந்தால் ஆபத்து இன்னும் மிகுதி. டிராக்டரின் பின்னால் இழுப்பதற்கென்றே தாழ்வாக அமைத்த கொக்கிச் சட்டத்தில் அன்றி, மேலே கலப்பை மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுப்போர் உண்டு. இழுக்கும் புள்ளி உயர்ந்தால் டிராக்டர் தன் பின் அச்சைச் சுற்றியே மல்லாந்து கவிழும். ஓட்டுபவர் குதிக்கவும் நேரமிராது. உயிர் போவது இவ்விதம்தான்.

எண்களை ஒரு முறை அறிந்துகொண்டால் ஏற்றுவது கடினமன்று. எங்கள் கணக்கில் ஈர்ப்பு மையத்தை அச்சுக்கு முன்னால் அரை மீட்டரில் வைப்பதென்று முடிவு செய்தோம். டிராக்டர் முன்முகமாக ஏறினால் அதன் பின் சக்கர மையம் டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் 26 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். பின்முகமாக ஏறினால், அதாவது கனமான பக்கம் கொக்கியை நோக்கி இருந்தால், பின் சக்கர மையம் அச்சுக்கு முன்னால் 1.26 மீட்டரில் நிற்க வேண்டும். டிராக்டர் ஒன்றே; நிற்கும் இடம் இரண்டு. மாமாவின் டிரெய்லர்ப் பக்கப் பலகையில் இப்போது இரண்டு வெள்ளைப் பெயின்ட் கோடுகள் உள்ளன. ஒன்றின் மேல் 'முன்', மற்றொன்றின் மேல் 'பின்' என்று எழுதியிருக்கிறோம். வேறு டிராக்டருக்கு இக்கோடுகள் பொருந்தா என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

ஓட்டுநர் அண்ணனுக்கு முதலில் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "இத்தனை வருஷமா இப்படித்தான் தம்பி ஏத்துறோம். ஒண்ணும் ஆகலயே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்பார வண்டியும் பல நாள் ஊர் போய்ச் சேரும். டிராக்டர் இழுத்த காலம் போய் ஜீப்பும் பிக்கப்பும் இழுக்கும் காலம் வந்ததே மாற்றம். ஏற்றும் பழக்கம் அப்படியே இருக்க, வேகம் மட்டும் இரு மடங்காகிவிட்டது. வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் இங்கே நினைவிற்கொள்க.

அவரை ஒப்புக்கொள்ள வைத்தது எடைக் கருவிதான். மூக்கின் அழுத்தத்தை எடை மேடைக்குப் போகாமலே அளக்க ஒரு வழி உண்டு. நான்கடி நீளமுள்ள உறுதியான மரச் சட்டம் ஒன்று. ஒரு முனைக்கு அடியில் செங்கல்லும் அதன்மேல் ஒரு குழாய்த் துண்டும். மறு முனைக்கு அடியில் ஆள் ஏறி நிற்கும் எடைக் கருவியும் அதன்மேல் ஒரு குழாய்த் துண்டும். செங்கல் முனையிலிருந்து ஓரடி தள்ளி டிரெய்லரின் மூக்கை அச்சட்டத்தின் மேல் மெல்ல இறக்க வேண்டும். கருவி நான்கில் ஒரு பங்கை மட்டும் காட்டும். மீட்டர் கோல் சோதனைதான், வேறில்லை. டிரெய்லர் சமதரையில், தளம் கிடைமட்டமாக, கொக்கியில் பூட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்திருக்க வேண்டும். மூக்கை ஜாக்கியால் இறக்க வேண்டும். அதற்கு அடியில் யாரும் காலை நீட்டலாகாது. சட்டத்தின் எடையைக் கழித்த பின், வெறும் டிரெய்லருக்குக் கருவி 15 காட்டியது. நான்கால் பெருக்க 60. டிராக்டரைக் கோட்டில் நிறுத்தியபின் 88 காட்டியது, பெருக்க 352. கணக்கு சொன்னது 346. பிறகு டிராக்டரை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி நிறுத்திக் காட்டினோம். கருவி 22 என்றது. ஓட்டுநர் அண்ணன் குனிந்து தாமே படித்துப் பார்த்தார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

இந்த ஒரு சாண் எல்லையைத் தின்றுவிடக்கூடியவை சில உள்ளன. முதலாவது, பின்னால் தொங்கும் ரோட்டவேட்டர். 400 கிலோ எடையுள்ள கருவி பின் அச்சுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் தொங்கினால், சேர்ந்த ஈர்ப்பு மையம் பின் அச்சிலிருந்து 76 சென்டிமீட்டரில் இல்லாமல் 47 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். ஒரு சாணுக்கும் மேல் நகர்ந்துவிட்டது! ஆகவே கருவியைக் கழற்றித் தனியே கொண்டுபோவதே முறை. இரண்டாவது, பின் டயர்களுக்குள் இருக்கும் தண்ணீர். வயலில் பிடிப்புக்காக நிரப்புகிறார்கள். ஒரு டயரிலேயே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. மூன்றாவது, ஏறிக்கொள்ளும் மனிதர்கள். டிரெய்லரில் பாரத்தோடு ஆள் ஏறுவது எவ்விதத்திலும் தகாது என்பதற்கு அந்தப் பையனின் கால் போதுமான சான்று.

ஏற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரெய்லர் கொக்கியில் பூட்டியே இருக்க வேண்டும். இழுக்கும் வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கும் கட்டையும் வேண்டும். டிராக்டர் பின் விளிம்பில் கால் வைத்ததும் மூக்கு வானைப் பார்க்க முயலும். ஆதலால் டிரெய்லரின் வால் பக்கத்துக்கு அடியில் இருபுறமும் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். சாய்வுப் பலகை செங்குத்தாக இருந்தால் டிராக்டரைப் பின்முகமாக ஏற்றுவதே நல்லது. முன்முகமாக ஏற்றினால், எஞ்சின் விசையும் சரிவும் சேர்ந்து முன் சக்கரங்களைத் தூக்கிவிடும். எஞ்சின் ஓடாத வண்டியானால் செயின் பிளாக்கால் இழுத்தேற்ற வேண்டும். கட்டையுடன் ஒருவர் சக்கரத்தின் பக்கவாட்டில் நடந்து வர வேண்டும். பின்னால் நிற்கக் கூடாது.

கட்டுவதில்தான் நம்மவர்கள் அலட்சியம் மிகுதி. தென்னங்கயிற்றால் இரண்டு சுற்று. 'ரெண்டு டன்னு எங்க போயிடும்' என்று ஒரு சமாதானம். பிரேக் போடும்போது வண்டியின் வேகம் புவியீர்ப்பில் பாதியளவு விரைவாகக் குறைந்தால், 2000 கிலோ டிராக்டர் 1000 கிலோ விசையோடு முன்னே பாயும். அதைத் தாங்கச் சங்கிலிதான் வேண்டும். நான்கு மூலைக்கு நான்கு. ஒவ்வொன்றும் கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் இழுக்குமாறு, முன்னிரண்டு முன்னோக்கியும் பின்னிரண்டு பின்னோக்கியும் கட்டப்பட வேண்டும். 45 பாகைச் சாய்வில் கட்டிய சங்கிலி தன் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கைத்தான் கிடைத்திசையில் தரும் என்பதை வெக்டர் படித்த நாம் அறிவோம். அச்சிலும் சட்டத்திலும் கட்ட வேண்டும். ஸ்டீரிங் கம்பியில் கட்டினால் கம்பி வளையும். டிராக்டரைக் கியரில் விட்டு, பிரேக்கைப் பூட்டி, எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை வைத்து ஆணி அடித்துவிட வேண்டும். டயர்கள் காற்றடைத்த பந்துகள் அல்லவா? சாலையில் குதித்துக் குதித்து அமுங்கியபின் சங்கிலி தளரும். ஆதலின் புறப்பட்டு இரண்டு கிலோமீட்டரில் நிறுத்தி ஒரு முறை இறுக்க வேண்டும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பார்கள். கொக்கியின் பின் அந்த அச்சாணியே. எங்கோ கிடந்த கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகச் சொருகும் வழக்கம் உண்டு. கம்பி வளைந்தாலோ துள்ளி வெளியே வந்தாலோ டிரெய்லர் தன் வழியே போகும். உரிய கனமுள்ள பின்னும், அது மேலே துள்ளாதபடி கீழே பூட்டும் ஊசியும், அவை இரண்டும் தவறினால் மூக்கைத் தாங்க அதன் அடியில் குறுக்காகக் கட்டிய இரு சங்கிலிகளும் வேண்டும்.

இழுப்பது டிராக்டரானால், அதன் இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும். வயலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் நிறுத்தித் திரும்புவதற்காக அவை தனித்தனியே அமைக்கப்பட்டவை. சாலையில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் சட்டென்று திரும்பும். பின்னால் வரும் பாரம் அதை மடக்கும். டீசல் மிச்சம் என்று பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது மற்றொரு வழக்கம். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 2800 கிலோ பாரம் 280 கிலோ விசையோடு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றிவிட்டால் எஞ்சினே பிரேக்காகும்.

வளைவு பற்றி ஒரு கணக்கு. டிரெய்லர் மேல் நிற்கும் டிராக்டரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். டிரெய்லரையும் சேர்த்தால் சராசரி 1.4 மீட்டர். சக்கரங்களுக்கு இடை அகலம் 1.5 மீட்டர். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இந்த வண்டி கவிழும் வேகம் கணக்குப்படி மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர். டயர் அமுங்குவதையும் சாலை வெளிப்பக்கம் சரிந்திருப்பதையும் சேர்த்துக்கொண்டால் அது இன்னும் குறையும். அதே வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கவிழ்க்கும் விசை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே.

இனி இறக்குவது. ஊர் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் முதலில் கொக்கியைக் கழற்றப் போவோர் உண்டு. பாரம் மேலே இருக்கும்போது மூக்கில் 350 கிலோ இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சமதரையில் நிறுத்தி, வாலுக்கு முட்டுக் கொடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின் சங்கிலிகளைத் தளர்த்த வேண்டும். பின்முகமாக ஏறிய டிராக்டர் முன்முகமாக, சிறிய கியரில், தானே இறங்கும். அது இறங்கி நின்றபின் பின்னைக் கழற்றலாம். அப்போது மூக்கில் மிஞ்சியிருப்பது 60 கிலோதான். இருவர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம்.